வாக்கிங் பலிஸ்டா: விலையை நாமே சொல்லி வாங்கும் கார்டு

மேஜிக்: த கேதரிங் என்ற கார்டு விளையாட்டில் கமாண்டர் வகை ஆட டெக் (கார்டுக் கட்டு) கட்டுகிறேன், எந்த நிறத்தில் கட்டினாலும் உள்ளே சேர்த்துக்கொள்கிற மாதிரி ஒரு கார்டு சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் என் வாயில் முதலில் வருவது வாக்கிங் பலிஸ்டா. கூடவே, அதன் விலையில் இருக்கும் எக்ஸ் என்றால் என்னவென்று ஒழுங்காகத் தெரிந்துகொண்டு வாங்குங்கள் என்றும் சொல்வேன். பாதிப் பேர் அந்த இரண்டாவதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. கார்டை வாங்கிக்கொண்டு போய்விட்டு, அடுத்த முறை பார்க்கும்போது "இது சும்மா சும்மா செத்துப் போகுது" என்று வந்து நிற்பார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இந்த விமர்சனம்.

முதலில் சாமானைப் பார்த்துவிடலாம். 2017 ஜனவரியில் வந்த ஏதர் ரிவோல்ட் தொகுப்பின் ரேர் (அரிய) கார்டு இது. அதனால் நடுவில் இருக்கும் தொகுப்புச் சின்னம் தங்க நிறம். அந்தத் தொகுப்பின் கதை நடப்பது கலாதேஷ் என்ற உலகத்தில். சாண்ட்ரா நலாரின் ஊர். இந்தியச் சாயலை வைத்து உருவாக்கிய உலகம். 2025-இல் வந்த ஏதர்டிரிஃப்ட் தொகுப்பில் அதற்கு அவிஷ்கார் என்று பெயரை மாற்றிவிட்டார்கள். அந்த ஊர்க் கண்டுபிடிப்பாளர்கள் செய்த, கால் முளைத்த அம்பெறி பொறிதான் பலிஸ்டா. நிறம் இல்லாத ஆர்டிஃபாக்ட் கிரீச்சர், அதாவது களத்தில் நின்று சண்டை போடும் பொறி. எந்த நிற டெக்கிலும் நுழையலாம்.

கார்டின் வலது மேல் மூலையில், வழக்கமாகக் கார்டின் விலை 3 என்றோ ஒரு சிவப்பு நெருப்புச் சின்னம் என்றோ இருக்கும் இடத்தில், வரிசையாக இரண்டு எக்ஸ். வேறொன்றும் இல்லை. கீழே வலது மூலையில் பலமும் தாங்கும் சக்தியும் 0/0. இடையில் மூன்று வரி. எக்ஸ் எவ்வளவோ அத்தனை +1/+1 கவுண்டர்களோடு (பலத்தையும் தாங்கும் சக்தியையும் ஒவ்வொன்று கூட்டும் அடையாளங்கள்) களத்துக்கு வரும். 4 மனா (லேண்ட் கார்டுகள் தரும் சக்தி, இந்த ஆட்டத்தின் காசு) கொடுத்தால் ஒரு கவுண்டர் கூடும். ஒரு கவுண்டரை எடுத்துப் போட்டால் ஒரு சேதம் போகும். அவ்வளவுதான் கார்டு. மூன்று வரிக்குள் இவ்வளவு அரசியலா என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

என்னுடையது சிங்கப்பூரில் ஒரு கடையின் கண்ணாடி அலமாரியில் இருந்து எடுத்தது. ஏறக்குறையப் புதுசு என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். வீட்டில் ஸ்லீவுக்குள் போடும்போது பார்த்தால் இடது கீழ் மூலை வெளுத்திருந்தது. ரேர் கார்டு வாங்கும்போது கடையிலேயே வெளியே எடுக்கச் சொல்லி, நாலு மூலையையும் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். முன்பக்கம் பொய் சொல்லும், பின்பக்கத்தின் விளிம்பு சொல்லாது.

இனி எக்ஸ். என் அண்ணன் மகனுக்கு மேஜிக் சொல்லிக்கொடுத்தபோது நடந்த பேச்சையே போடுகிறேன். அவனுக்குப் பதின்மூன்று வயது, எதையும் ஓட்டை தேடித்தான் படிப்பான்.

"அத்தை, இதுக்கு எத்தனை மனா?"

"நீ எத்தனை குடுக்கிறியோ அத்தனை."

"ஒண்ணுமே குடுக்கலைன்னா?"

"அப்பவும் வரும். வந்த உடனே செத்துடும்."

"அப்ப எதுக்கு வருது?"

நியாயமான கேள்வி. 0/0 உடலோடு ஒரு கிரீச்சர் களத்துக்கு வந்தால் தாங்கும் சக்தி பூஜ்யம் என்பதால் அதே கணம் கல்லறைக்குப் போய்விடும். கவுண்டர் இருந்தால்தான் உயிர். கவுண்டர் எத்தனை என்பதை முடிவு செய்வது நாம் சொல்லும் எக்ஸ். ஊர்ச் சந்தையில் "இருபது ரூபாய்க்குத் தக்காளி போடுங்க" என்கிறோமே, கிலோ விலையைக் கேட்காமல் நம் கையில் இருப்பதைச் சொல்லி வாங்குவது, அந்த மாதிரி வியாபாரம் இது. முதலில் தொகையைச் சொல்ல வேண்டும். பிறகுதான் பணம்.

இந்த "முதலில் சொல்வது" வெறும் மரியாதை இல்லை, விதி. ஸ்பெல்லை (இறக்கப்போகும் கார்டை) கையிலிருந்து எடுத்து அறிவிக்கும்போதே எக்ஸ் இவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். அதற்கு அப்புறம்தான் மொத்தச் செலவைக் கணக்குப் பார்த்து, லேண்டுகளைப் பக்கவாட்டில் திருப்பி, மனாவைக் கட்டுவது. எதிராளி தடுக்கப் பார்க்கிறார் என்று தெரிந்ததும் "சரி, எக்ஸை ஒன்றாகக் குறைச்சுக்கிறேன்" என்று பின்வாங்க முடியாது. சொன்னது சொன்னதுதான். மேசையில் நிறைய சண்டை வருவது இந்த இடத்தில்தான்: சிலர் எல்லா லேண்டையும் முதலில் திருப்பிவிட்டு, அப்புறம் விரல் விட்டு எண்ணி "எக்ஸ் நாலு" என்பார்கள். நண்பர்களுக்குள் பரவாயில்லை. போட்டியில் அந்தப் பழக்கம் வேண்டாம்.

பலிஸ்டாவில் எக்ஸ் இரண்டு முறை அச்சாகியிருக்கிறது. ஒவ்வொரு எக்ஸுக்கும் தனித்தனி எண் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே எண். எக்ஸ் 1 என்றால் 2 மனா, 2 என்றால் 4, 3 என்றால் 6. களத்தில் 7 லேண்ட் இருந்தாலும் எக்ஸ் 3 தான், ஒரு மனா சும்மா கிடக்கும். ஒற்றைப்படை மனாவுக்குப் பலிஸ்டாவிடம் மரியாதை இல்லை. இது குறை மாதிரி தெரியும். என்னைக் கேட்டால் கார்டின் சமநிலையே அங்கேதான் இருக்கிறது. ஒற்றை எக்ஸாக அச்சடித்திருந்தால் இந்தக் கார்டு எல்லா விளையாட்டு வகையிலும் தடைப்பட்டியலில் இருந்திருக்கும்.

சரி, ஒரு ஓட்டை இருக்கிறது. கலாதேஷ் தொகுப்பிலேயே ஃபவுண்டரி இன்ஸ்பெக்டர் என்று ஒரு கிரீச்சர் உண்டு. நம் ஆர்டிஃபாக்ட் ஸ்பெல்களுக்கு 1 மனா குறைத்துக் கொடுக்கும். அது களத்தில் இருக்கும்போது அதே 7 லேண்டை வைத்துக்கொண்டு எக்ஸ் 4 என்று சொல்லலாம். செலவு 8, தள்ளுபடி போக 7. தள்ளுபடி விலையில்தானே தவிர, சொன்ன எக்ஸில் இல்லை. நாலு கவுண்டரும் முழுசாக வரும். அண்ணன் மகனுக்கு இதைச் சொன்னபோது, "அப்ப ரெண்டு இன்ஸ்பெக்டர் இருந்தா?" என்றான். 2 மனா குறையும், ஆகவே எக்ஸ் 1 பலிஸ்டா இலவசம். நாலு இருந்தால் எக்ஸ் 2 இலவசம். கமாண்டரில் ஒரு பெயருக்கு ஒரு கார்டுதான் என்பதால் அவன் திட்டம் அங்கேயே நின்றது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எக்ஸுக்கு நாம் சொன்ன எண் ஓரிடத்தில் மட்டும்தான் மதிப்பாகும்: அந்த ஸ்பெல் ஸ்டாக்கில், அதாவது அறிவித்துவிட்டு இன்னும் நிறைவேறாமல் காத்திருக்கும் இடத்தில், இருக்கும்போது. கையில் இருக்கும்போது, டெக்குக்குள் இருக்கும்போது, கல்லறையில், களத்தில், எல்லா இடத்திலும் கார்டின் மேல் மூலையில் உள்ள எக்ஸ் பூஜ்யம்தான். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பலிஸ்டாவின் நல்லது கெட்டது முழுவதும் தானாக விளங்கும். 2021-இல் ஸ்ட்ரிக்ஸ்ஹேவன் தொகுப்போடு மனா வேல்யூ என்று பெயர் மாற்றினார்களே, அதற்கு முன்னால் கன்வெர்ட்டட் மனா காஸ்ட் என்று நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தோமே, அந்த எண் பலிஸ்டாவுக்கு ஸ்டாக்கில் எக்ஸைப் போல இரு மடங்கு. களத்தில் கால் வைத்ததும் பூஜ்யம்.

நல்லதை முதலில் சொல்கிறேன். டெக்குக்குள் மனா வேல்யூ பூஜ்யம் என்பதால், சின்னக் கார்டுகளை மட்டும் தேடிக்கொடுக்கும் ஆட்கள் பலிஸ்டாவையும் தேடிக்கொடுப்பார்கள். டிரிங்கெட் மேஜ், மனா வேல்யூ 1 அல்லது அதற்குக் கீழ் உள்ள ஆர்டிஃபாக்டைக் கைக்குக் கொண்டுவரும். ரேஞ்சர்-கேப்டன் ஆஃப் ஈயோஸ் அதே அளவில் ஒரு கிரீச்சரைக் கொண்டுவரும். இரண்டு கதவும் பலிஸ்டாவுக்குத் திறந்திருக்கும். சின்னது என்று சொல்லி உள்ளே விடுகிறார்கள். கைக்கு வந்த பிறகு 12 மனா கொடுத்து எக்ஸ் 6 என்று இறக்கினால் யாரும் ஒன்றும் கேட்க முடியாது.

ஆனால் ஊர்ஸா'ஸ் சாகா கொண்டுவராது. புதியவர்கள் அடிக்கடி தடுமாறுவது இங்கே. அந்த லேண்ட் தேடுவது "மனா வேல்யூ பூஜ்யம்" உள்ள ஆர்டிஃபாக்டை அல்ல; மூலையில் 0 அல்லது 1 என்றே அச்சாகியிருக்கும் ஆர்டிஃபாக்டை. பலிஸ்டாவின் மூலையில் இரண்டு எக்ஸ்தான் இருக்கிறது. மதிப்பு பூஜ்யமாக இருக்கலாம், அச்சில் பூஜ்யம் இல்லை. அப்படியே கொண்டுவந்தாலும் சாகா நேராகக் களத்தில்தான் வைக்கும். கவுண்டர் இல்லாமல் வந்து உடனே சாகும். ஆக, இழப்பு ஒன்றும் இல்லை.

இனி கெட்டது. ஏதர் ரிவோல்ட் தொகுப்பிலேயே ஃபேட்டல் புஷ் என்று ஒரு கறுப்பு இன்ஸ்டன்ட் (எதிராளியின் டர்னிலும் போடக்கூடிய கார்டு) வந்தது. செலவு ஒரே ஒரு மனா. மனா வேல்யூ 2 அல்லது அதற்குக் கீழ் உள்ள கிரீச்சரை அழிக்கும். நீங்கள் 20 மனா திரட்டி, எக்ஸ் 10 சொல்லி, பத்துக்குப் பத்தாக ஒரு பலிஸ்டாவை நிறுத்தியிருப்பீர்கள். களத்தில் அதன் மனா வேல்யூ பூஜ்யம். ஒரு மனாவில் கதை முடிந்தது. அப்ரப்ட் டிகே மாதிரியான கார்டுகளுக்கும் இதே கணக்குதான்.

இங்கேதான் பலிஸ்டா மற்ற எக்ஸ் கிரீச்சர்களிடமிருந்து தனியாகத் தெரிகிறது. ஃபேட்டல் புஷ் ஸ்டாக்கில் வந்ததும், அது நிறைவேறுவதற்கு முன்னால், பத்துக் கவுண்டரையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சுடலாம். மனா வேண்டாம், டேப் செய்ய (கார்டைப் பக்கவாட்டில் திருப்ப) வேண்டாம், களத்துக்கு வந்த அதே டர்னிலேயே செய்யலாம். கொடுத்த காசுக்குச் சரக்கு வந்துவிடும். பெரிய ஹைட்ரா ஒன்றை எக்ஸ் 10-க்கு இறக்கி அது புஷ்ஷில் போனால் கையில் ஒன்றும் மிஞ்சாது. வாங்குபவர்களுக்கு நான் அழுத்திச் சொல்லும் காரணம் இது.

எப்போதும் இப்படித் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். க்ரோசன் கிரிப் என்ற பச்சைக் கார்டில் ஸ்பிளிட் செகண்ட் இருக்கிறது. அது ஸ்டாக்கில் இருக்கும்வரை பதிலுக்குச் சுட முடியாது. ஸ்டோனி சைலன்ஸ் களத்தில் இருந்தால் ஆர்டிஃபாக்டின் திறன்களையே பயன்படுத்த முடியாது. பலிஸ்டா துப்பாக்கி இல்லாத காவல்காரன் ஆகிவிடும். சொலெம்னிட்டி இருந்தால் கவுண்டரே ஏறாது, எக்ஸ் எவ்வளவு சொன்னாலும் வந்ததும் சாவு. உங்கள் நண்பர் குழுவில் வெள்ளை டெக் ஆள் அதிகம் என்றால் இதை யோசித்து வாங்குங்கள்.

"சும்மா சும்மா செத்துப் போகுது" என்று புலம்புபவர்கள் பெரும்பாலும் செய்வது இதில் ஒன்று: இலவசமாக இறக்கப் பார்ப்பது, அல்லது நகல் எடுப்பது. பிளட்பிரெய்ட் எல்ஃப் கேஸ்கேட் செய்து டெக்கிலிருந்து பலிஸ்டாவைப் புரட்டினால், மனா கட்டாமல் இறக்கலாம். கட்டாமல் இறக்கும் ஸ்பெல்லில் எக்ஸுக்கு நாம் சொல்லக்கூடிய எண் பூஜ்யம் ஒன்றுதான். ஆம்னிசயன்ஸ் வைத்திருப்பவருக்கும் அதே கதி. உலகத்தையே இலவசமாக இறக்கலாம், எக்ஸ் கார்டுகள் மட்டும் வெறுங்கையோடு வரும். களத்தில் இருக்கும் ஐந்து கவுண்டர் பலிஸ்டாவை குளோன் கார்டால் நகலெடுத்தால் நகலுக்கு எக்ஸ் பூஜ்யம்; பிறந்ததும் போய்விடும். ஆனால் ஸ்டாக்கில் இருக்கும் எக்ஸ் ஸ்பெல்லை நகலெடுத்தால் நகலுக்கும் அதே எக்ஸ் கிடைக்கும், ஏனென்றால் எண் அங்கேதானே உயிரோடு இருக்கிறது. களத்திலிருந்து நாடுகடத்தித் திரும்பக் கொண்டுவரும் வித்தையும் பலிஸ்டாவுக்கு ஆகாது. கைக்குத் திருப்பி அனுப்பினால் மட்டும் எதிராளிதான் ஏமாளி, நாம் இன்னும் பெரிய எக்ஸோடு வருவோம்.

இரண்டு எக்ஸ் போட்ட இன்னொரு பழைய புள்ளி சாலிஸ் ஆஃப் த வாய்ட், 2003-இல் மிராடின் தொகுப்பில் வந்தது. அதில் எத்தனை கவுண்டர் இருக்கிறதோ அந்த மனா வேல்யூ உள்ள ஸ்பெல் எதுவானாலும் தடுத்துவிடும். வழக்கமாக எல்லோரும் அதை 1-இல் வைப்பார்கள். 1-இல் வைத்த சாலிஸால் பலிஸ்டாவை ஒருநாளும் தடுக்க முடியாது. பலிஸ்டாவின் மனா வேல்யூ ஸ்டாக்கில் எப்போதும் இரட்டைப்படை. 2-இல் வைத்தால் எக்ஸ் 1 பலிஸ்டா மாட்டும், எக்ஸ் 2 தாண்டிப் போகும். இரண்டு கார்டையும் ஒரே டெக்கில் வைத்து ஆடுபவர்கள் இந்தச் சந்துக்குள்தான் வாழ்கிறார்கள்.

இந்த எக்ஸ் விவகாரம் புதிதல்ல. 1993 ஆகஸ்டில் ரிச்சர்ட் கார்ஃபீல்டின் முதல் தொகுப்பு வந்தபோதே எக்ஸும் கூட வந்தது: ஃபயர்பால், டிஸின்டிக்ரேட், பிரெய்ன்கீசர், மைண்ட் ட்விஸ்ட், ஸ்ட்ரீம் ஆஃப் லைஃப். இதில் ஃபயர்பாலை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கத் தோன்றுகிறது, ஏனென்றால் எக்ஸின் ஆசையும் ஆபத்தும் அதில் அப்படியே தெரியும். எக்ஸும் ஒரு சிவப்பும் செலவு. ஒன்றுக்கு மேற்பட்ட இலக்கைச் சுட்டால் கூடுதல் இலக்கு ஒவ்வொன்றுக்கும் 1 மனா அதிகம். எக்ஸைச் சமமாகப் பிரித்து, மிச்சத்தைத் தள்ளிவிட வேண்டும். 8 லேண்ட் வைத்துக்கொண்டு இரண்டு பேரைச் சுட்டால் எக்ஸ் 6, ஆளுக்கு 3. அதே 8 லேண்டில் மூன்று பேர் என்றால் எக்ஸ் 5, ஆளுக்கு 1! ஒரே ஒரு ஆளைக் கூடுதலாகச் சேர்த்ததற்கு இவ்வளவு தண்டனை. அண்ணன் மகனுக்கு எக்ஸ் கற்றுக்கொடுக்க நான் முதலில் எடுத்தது இதை அல்ல, ப்ளேஸ் என்ற எளிய கார்டை: எக்ஸும் ஒரு சிவப்பும் கட்டு, எக்ஸ் சேதம், ஒரே இலக்கு. உங்கள் வீட்டிலும் அதிலிருந்தே ஆரம்பியுங்கள்.

ஃபயர்பாலின் பெயரைப் புராணமாக்கியது சேனல் என்ற பச்சைக் கார்டு. ஒரு உயிர்ப்புள்ளி கொடுத்தால் ஒரு நிறமற்ற மனா. முதல் டர்ன்: ஒரு மௌண்டன், ஒரு பிளாக் லோட்டஸ். லோட்டஸிலிருந்து மூன்று பச்சை. இரண்டு சேனலுக்குப் போக ஒன்று மிச்சம். 20 உயிரில் 19-ஐக் கொடுத்து 19 மனா. மிச்சப் பச்சையோடு சேர்த்து எக்ஸ் 20, மௌண்டனின் சிவப்பு சேர்ந்தால் ஃபயர்பால். எதிராளிக்கும் 20 உயிர்தான். அவர் கார்டுகளைக் கையில் விரித்து அடுக்கி முடிப்பதற்குள் ஆட்டம் ஓவர். தடுத்துவிட்டாலோ நமக்கு ஒரே ஒரு உயிர் மிஞ்சும்.

பலிஸ்டாவுக்கும் அப்படி ஒரு கெட்ட சகவாசம் உண்டு. 2020 ஜனவரியில் தீரோஸ் பியாண்ட் டெத் தொகுப்பில் ஹீலியோட், சன்-கிரவுண்ட் வந்தது. 2 மனா கொடுத்தால் வேறொரு கிரீச்சருக்கு லைஃப்லிங்க் (செய்யும் சேதத்தின் அளவுக்கு நமக்கு உயிர் ஏறும் திறன்) கொடுக்கும். நமக்கு உயிர் ஏறும்போதெல்லாம் ஒரு +1/+1 கவுண்டர் வைக்கும். பலிஸ்டாவுக்கு லைஃப்லிங்க் கொடுத்தால்? ஒரு கவுண்டரை எடுத்துச் சுடு, ஒரு சேதம், ஒரு உயிர் ஏறும், அந்தக் கவுண்டர் திரும்ப வரும், மறுபடி சுடு. முடிவே கிடையாது. எக்ஸ் 1 போதாது. இருக்கும் ஒரே கவுண்டரை எடுத்ததும் பலிஸ்டா செத்துவிடும், திரும்பி வரும் கவுண்டர் உட்கார ஆள் இருக்காது. எக்ஸ் 2 வேண்டும், அதாவது 4 மனா. அந்த 4 மனாவுக்காகத்தான் 2020 ஆகஸ்ட் 3 அன்று பயனியர் வகையில் பலிஸ்டாவுக்குத் தடை விழுந்தது. ஹீலியோடை விட்டுவிட்டு இதைத் தூக்கினார்கள். மாடர்ன், லெகசி, வின்டேஜ், கமாண்டர் ஆடுபவர்களுக்குக் கவலை இல்லை.

கமாண்டரில் பசால்ட் மோனோலித்தும் ரிங்ஸ் ஆஃப் பிரைட்ஹார்த்தும் சேர்த்து முடிவில்லாத மனா உண்டாக்குபவர்களுக்கும் இந்தக் கார்டு வேண்டும். அப்போதும் "எக்ஸ் முடிவிலி" என்று சொல்ல முடியாது, ஒரு எண் சொல்லியாக வேண்டும். எங்கள் மேசையில் ஒருவர் எப்போதும் தன் கைப்பேசி எண்ணைத்தான் சொல்வார்.

சரி, எக்ஸ் எத்தனை சொல்லலாம்? புதியவர்கள் பெரிய எண்ணுக்காகக் காத்திருப்பார்கள். நான் நேர்மாறு. இரண்டாம் டர்னில் எக்ஸ் 1 என்று இறக்கி எதிரே நிற்கும் லனோவர் எல்வ்ஸைச் சுட்டுவிடுவதில் எனக்கு வெட்கமே இல்லை. எதிராளியின் மனாவை வெட்டியதற்கு 2 மனா என்பது மலிவு. அப்புறம் வளர்த்துக்கொள்ளலாம் என்று எக்ஸ் 1-இல் இறக்கிவிட்டு 4 மனா திறனை நம்பி உட்காருவதுதான் பிடிக்காத ஆட்டம். இறக்கும்போது கவுண்டர் ஒன்றுக்கு 2 மனா. இறக்கிய பிறகு 4. இரட்டிப்பு விலை. அந்த வரி அவசரத்துக்கு மட்டும். கையில் வேறொன்றும் இல்லாத கடைசி டர்ன்களுக்கு. பச்சை டெக் என்றால் ஹார்டன்ட் ஸ்கேல்ஸ் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு முறையும் ஒரு கவுண்டர் கூடுதலாக ஏறும். எக்ஸ் 1-க்கே இரண்டு நிற்கும்.

ஒப்பிட வேண்டுமானால் இரண்டு பெயர். 2015-இல் மேஜிக் ஆரிஜின்ஸில் வந்த ஹேங்கர்பேக் வாக்கரும் இரண்டு எக்ஸ், 0/0. செத்தால் கவுண்டருக்கு ஒன்றாகப் பறக்கும் தாப்டர் விட்டுப் போகும். 1 மனாவும் டேப்பும் கொடுத்தால் வளரும். பொறுமைசாலிக்கு அது. இன்றைக்கே ஒன்றைக் கொல்ல வேண்டும் என்றால் பலிஸ்டா. இன்னொன்று ஹைட்ராய்ட் கிராசிஸ், 2019, எக்ஸும் ஒரு பச்சையும் ஒரு நீலமும். எக்ஸில் பாதி உயிர், பாதி கார்டு, கீழ்ப்பக்கமாக முழுமையாக்கி. அதையும் காஸ்ட் செய்த (அறிவித்து மனா கட்டிய) கணத்திலேயே கொடுத்துவிடும். எதிராளி கிராசிஸையே தடுத்தாலும் எடுத்த கார்டு நம் கையில்தான். தடுக்கும் நீல ஆட்கள் நிறைந்த மேசையில் பலிஸ்டாவைவிட அது நல்லது. பலிஸ்டாவை ஸ்டாக்கிலேயே தடுத்துவிட்டால் கட்டிய மனா முழுவதும் வீண், சுடவும் வழி இல்லை. இந்தக் கார்டில் எனக்கு உண்மையான குறையென்று படுவது இது ஒன்றுதான்.

வாங்கும்போது ஒரு விஷயம். ஏதர் ரிவோல்ட் பதிப்பில் சேதம் "கிரீச்சர் அல்லது ஆட்டக்காரர்" மேல் என்று அச்சாகியிருக்கும். 2018-இல் டொமினேரியா தொகுப்போடு அந்த வாசகத்தை மாற்றிவிட்டார்கள். இப்போது பழைய அச்சும் எந்த இலக்கையும் சுடலாம், பிளேன்ஸ்வாக்கர் என்ற கார்டு வகையையும் நேராகவே. பழைய அச்சைக் காட்டி யாராவது வாதாடினால் அவர் பக்கம் விதி இல்லை. மறுபதிப்பு, பழைய பதிப்பு இரண்டும் ஆட்டத்தில் ஒன்றுதான் என்பதால் எது மலிவோ அதை எடுங்கள். கமாண்டருக்கு ஒன்று போதும். மாடர்னில் ஹார்டன்ட் ஸ்கேல்ஸ் டெக் கட்டுபவர்களுக்கு நாலும் வேண்டும், அங்கே விலை கொஞ்சம் வலிக்கும். ஃபாயில் (பளபளக்கும் அச்சு) மட்டும் வேண்டாம். இந்த ஊர் ஈரத்தில் சீக்கிரமே வில்லாக வளைந்துவிடும், கவுண்டருக்கு வைக்கும் பகடை அதன் மேல் நிற்காமல் உருண்டு பக்கத்து ஆளின் லேண்டுகளுக்கு நடுவில் போய் விழும்.